பூமொட்டைக் கூடாக்கும் குளவி

அந்தக் குளவியின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். வெளியுலகத்துக்கு வந்த பிறகு அதற்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள். அந்த நாள்களில் அது இரை தேடி அலைவதில்லை. ஆண் குளவிகள் மிக அரிது என்பதால் பெரும்பாலும் துணை தேடுவதும் இல்லை. இணை சேராமலே பெண் முட்டையிடும், அதிலிருந்து மறுபடி பெண்ணே பிறக்கும். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். நீள இலை வாட்டில் மரத்தின் கிளையில் ஏறி, இலைக் கோணத்தில் ஒளிந்திருக்கும் இளம் மொட்டைத் தேடிப் பிடிக்கும். முட்டையிடும் ஊசியை அதற்குள் செலுத்தி முட்டை வைக்கும். பிறகு அடுத்த மொட்டுக்கு நகரும். அந்த மொட்டு அடுத்த வசந்தத்தில் மலர்ந்து காயாகி விதையாக வேண்டியது. குளவி வந்து போன பிறகு அது பூக்கவே பூக்காது.

டிரைக்கிலோகாஸ்டர் என்பது இந்தக் குளவியின் பேரினப் பெயர். மரத்தைப் போலவே இதுவும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையைச் சேர்ந்தது. ஆனால் இதன் பெருமை உலகுக்குத் தெரிய வந்தது பிறந்த மண்ணில் அல்ல, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில்.

கேப் டவுனை ஒட்டிய சமவெளி ஒரு காலத்தில் பறக்கும் மணலால் அவதிப்பட்டது. காற்றடித்தால் பாதை மூடிவிடும். வண்டி போக முடியாது. மணலைப் பிடித்து நிறுத்த ஏதாவது நட வேண்டும் என்று தேடியவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் வேல மர உறவுகள் வரப்பிரசாதமாகத் தெரிந்தன. நீள இலை வாட்டில் 1827இலேயே வந்துவிட்டது. அடுத்து வந்தது, அங்கே போர்ட் ஜாக்சன் என்று அழைக்கப்படும் இன்னொரு வேல மரம். தோல் பதனிடும் பட்டைக்காகக் கருப்பு வாட்டில் பின்னால் வந்தது. நட்டவர்கள் எதிர்பார்த்தது நடந்தது, மணல் நின்றது. பிறகு மரங்கள் மணலைத் தாண்டி ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் ஏறின. அந்த மலைச்சரிவில் இருந்தது ஃபைன்போஸ் என்னும் புதர்க்காடு. சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 9,000 தாவர இனங்கள் வாழும் இடம் கேப் பகுதி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் பூத்துக் குலுங்கும் அந்தப் புதர்கள்மேல் வாட்டில் நிழல் விழுந்தால் அவற்றின் கதை முடிந்தது. உயரமான மரங்கள் நீரையும் அதிகம் உறிஞ்சின. 2018இல் கடும் வறட்சியால் கேப் டவுன் நகரம் குழாய்களை மூடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்நிய மரங்களால் அதன் நீர்ப்பிடிப்பு மலைகளில் ஆண்டுதோறும் 5,000 கோடி லிட்டருக்கு மேல் நீர் இழப்பாகிறது என்று கணக்கிடப்பட்டது.

வெட்டிவிடலாமே? வெட்டினார்கள். 1995இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளர்களுக்குக் கோடாரியும் ரம்பமும் கூலியும் கிடைத்தன. இன்றும் அது நடக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் வாட்டிலின் பலம் வெட்டக்கூடிய இடத்தில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

வாட்டில் விதை சிறியது, கறுப்பு, கெட்டித் தோல் கொண்டது. அதன் முனையில் கொழுப்புச் சத்துள்ள ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்புக்கு அதுதான் கூலி. விதையை இழுத்துக்கொண்டு போய்ப் புற்றுக்குள் துணுக்கைத் தின்றுவிட்டு விதையை அப்படியே போட்டுவிடும். ஃபைன்போஸ் தாவரங்கள் பலவும் இதே முறையில்தான் எறும்புகளிடம் விதையை ஒப்படைக்கின்றன. ஆகவே கேப் எறும்புகளுக்கு இந்த வேலை பழக்கமானது. புதிதாக வந்த மரத்தின் விதையையும் எந்தப் பேதமும் இல்லாமல் புதைத்து வைத்தன. மண்ணுக்குள் அந்த விதை பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில், மோசமான இடங்களில் பல்லாயிரக்கணக்கில். ஃபைன்போஸ் காடு அவ்வப்போது எரிந்து புதுப்பித்துக்கொள்ளும் காடு. தீயின் சூடு பட்டதும் வாட்டில் விதையின் தோல் வெடிக்கிறது, முதல் மழைக்கு முளைக்கிறது. நூறு மரத்தை வெட்டி எரித்த இடத்தில் ஆயிரம் கன்று எழுவது இப்படித்தான். போர்ட் ஜாக்சன் இன்னும் பிடிவாதம். விதையும் உண்டு, வெட்டிய கட்டையிலிருந்து துளிரும் உண்டு.

இதே மரம் ஆஸ்திரேலியாவில் ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே மொட்டுக்கு ஒரு குளவி, காய்க்கு ஒரு வண்டு, கிளைக்கு ஒரு பூஞ்சை என்று மரத்தோடு சேர்ந்தே பரிணமித்த பகைவர்கள் இருந்தார்கள். கப்பலில் ஏறியது விதை மட்டும், பகைவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பகையில்லாத புது நாட்டில் ஒவ்வொரு மொட்டும் பூவானது, ஒவ்வொரு காயும் முற்றியது. உயிரியல் கட்டுப்பாடு என்பது விட்டுப்போன அந்தப் பகைவர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, பத்திரமானவர்தானா என்று சோதித்து, மரத்தின் பின்னாலேயே அனுப்பி வைக்கும் கலை. அந்தப் பகைவரின் சொந்தப் பகைவர்கள் கூட வந்துவிடாதபடி தனிமைக் கூடத்தில் வடிகட்டுவதும் இதில் அடக்கம். மரம் அனுபவித்த அதே சலுகையை இப்போது குளவிக்குத் தருகிறார்கள்.

இனி அந்த மொட்டுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். நெல் விவசாயிகளுக்கு ஆனைக்கொம்பன் ஈயைத் தெரியும். அதன் புழு நெற்குருத்துக்குள் புகுந்தால், கதிர் விட வேண்டிய தூர் வெங்காய இலைபோல் உள்ளீடற்ற குழலாக நீண்டுவிடும். அந்தக் குழலைக் கட்டியது புழு அல்ல, நெற்பயிரே. வாட்டில் மொட்டிலும் இதுதான் நடக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு அதைச் சுற்றியுள்ள செல்களின் போக்கையே மாற்றிவிடுகிறது. இதழும் மகரந்தமும் ஆக வேண்டிய செல்கள் பெருத்து, பிரிந்து, பச்சை நிறத்தில் கெட்டியான உருண்டையாகத் திரள்கின்றன. அந்த உருண்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே சிறு சிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் கால் இல்லாத, வெள்ளையான புழு ஒன்று. அறையின் உட்சுவரில் சத்து நிறைந்த மென்மையான செல் அடுக்கு. புழு அதைத் தின்ன, மரம் மறுபடி நிரப்புகிறது. வெளிச்சுவர் கடினமானது, வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாது. குயிலுக்காவது காக்கை ஏற்கெனவே கட்டி வைத்த கூடு வேண்டும். இந்தக் குளவி, கூட்டைக் கட்டும் வேலையையே மரத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது, குழந்தைக்குச் சோறூட்டும் வேலையையும் சேர்த்து. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அறைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி முழு வளர்ச்சி பெற்ற குளவி சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். அதற்குள் அதே மரத்தில் புது மொட்டுகள் தயாராக இருக்கும்.

1982, 1983ஆம் ஆண்டுகளில் இந்தக் குளவி கேப் பகுதியில் விடப்பட்டது. இரண்டு நாடுகளும் பூமியின் தென்பாதியில் இருப்பதால் பருவம் பொருந்தியது. சில ஆண்டுகளிலேயே வாட்டில் கிளைகள் பூவுக்குப் பதில் பச்சை உருண்டைகளைச் சுமந்து நின்றன. பல இடங்களில் விதை விளைச்சல் 90 சதவீத அளவுக்குச் சரிந்தது. இதைத் தொடர்ந்து கண்காணித்த டென்னில் என்ற ஆய்வாளர் எதிர்பாராத இன்னொன்றையும் கண்டார். விதைதான் குறையும் என்று நினைத்திருந்தார்கள், மரமே நலிந்தது. ஒரு பூ உதிர்ந்துவிட்டால் மரத்துக்குப் பெரிய இழப்பில்லை, வறட்சி வந்தால் பூவை உதிர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். இந்த உருண்டையை அப்படி உதற முடிவதில்லை. கேட்கும்போதெல்லாம் சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கில் உருண்டைகள் தொங்கும் மரத்தில் இலை குறைந்தது, கிளை பட்டது, நீர் தட்டுப்பாடான இடங்களில் மரமே சாய்ந்தது. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மரத்தைக் கொல்லும் நஞ்சு எதுவும் குளவியிடம் இல்லை. மரம் தன் உழைப்பாலேயே தளர்ந்துபோகிறது. 1985இல் காய்க்குள் விதை தின்னும் ஒரு கூன்வண்டையும் துணைக்கு அனுப்பினார்கள், குளவியிடம் தப்பிய மிச்சத்தைக் கவனித்துக்கொள்ள.

போர்ட் ஜாக்சன் மரத்துக்குப் பூச்சியல்ல, பூஞ்சை வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மைக் மோரிஸ் என்ற தாவர நோயியல் அறிஞர் கொண்டுவந்த துருப்பூஞ்சை அது. நம் ஊர்க் கோதுமையில் வரும் துருநோயின் தூரத்து உறவு. 1987 முதல் விடப்பட்ட அது, இளங்கிளைகளைப் பிடித்து, பழுப்புப் பொடி படர்ந்த கட்டிகளாக வீங்க வைத்தது. காற்றிலேயே பரவியது. ஆனால் மெதுவாக. முதல் சில ஆண்டுகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டிகளின் பாரத்தில் கிளைகள் ஒடிந்தன, மரத்தின் ஆயுள் குறைந்தது. நெடுங்காலக் கண்காணிப்பில் பல இடங்களில் மரங்களின் நெருக்கம் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தப் பூஞ்சை தனி இனம் என்று பின்னாளில் தெளிவானபோது, அதற்கு மோரிஸின் பெயரையே வைத்தார்கள். ஆனாலும் மண்ணில் விதை இருப்பு முழுதாகத் தீரவில்லை. நெருப்பு வந்தால் கன்றுகள் இன்னமும் எழுகின்றன. அதனால் 2001இல் இந்த மரத்துக்கும் ஒரு விதைக் கூன்வண்டு சேர்க்கப்பட்டது.

மூன்றாவது மரத்தில்தான் மனிதர்களின் சிக்கல் குறுக்கிட்டது. கருப்பு வாட்டில் என்பது நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை என்று சொல்லும் மரங்களில் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்கே அதை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. பட்டையிலிருந்து தோல் பதனிடும் சாறு, தண்டிலிருந்து காகிதக்கூழ், ஏழைகளுக்கு விறகு. ஒரே மரம் கிழக்கே பயிர், மேற்கே களை. மரத்தைக் கொல்லும் எந்த உயிரையும் விட்டுவிட முடியாது, அதற்கு மாகாண எல்லை தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி நுட்பமானது: மரத்தைத் தொடாதே, விதையை மட்டும் தடு. ஆனைக்கொம்பனின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணிய ஈயை ஆஸ்திரேலியாவில் தேர்ந்தெடுத்தார்கள். அது விரிந்த பூவில் முட்டையிடும். பூவின் சூலகம் காயாகாமல் சிறு சிறு அறைகளின் கொத்தாகிவிடும். தண்டும் பட்டையும் எப்போதும்போல் வளரும். தோட்டக்காரருக்கு நட்டமில்லை, ஆற்றங்கரைக்கு விதை போய்ச் சேர்வதில்லை. நெல் வயலில் நாம் சபிக்கும் குடும்பத்தில் இப்படியும் ஒரு பிள்ளை!

இத்தனையும் கேட்டவர் மனதில் எழும் கேள்வி: வந்த குளவி நாளைக்கு நம் பயிரைத் தின்றால்? நியாயமான கேள்வி. இந்தத் துறையின் பெரும்பகுதி உழைப்பு இதற்குப் பதில் சொல்வதில்தான் போகிறது. போர்ச்சுகல் கடற்கரையையும் நீள இலை வாட்டில் ஆக்கிரமித்திருந்தது. கோயிம்ப்ரா நகரில் எலியா மார்ஷான்ட், எலிசபெட் மார்ஷான்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தென்னாப்பிரிக்காவின் குளவியை மூடிய கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். களைமரத்தின் நெருங்கிய உறவுகளில் தொடங்கி, தூரத்து உறவுகள், பிறகு அந்த நாட்டுக்கு முக்கியமான பயிர்கள் என்று வட்டத்தை விரித்துக்கொண்டே போவது இந்தச் சோதனையின் முறை. சுமார் 40 தாவர இனங்கள் சோதிக்கப்பட்டன. வேறு வழியில்லாமல் சிறு கிண்ணத்துக்குள் அடைக்கப்பட்ட குளவி, திராட்சை மொட்டிலும் முட்டை வைத்துவிட்டது. ஒயினால் வாழும் நாட்டில் திராட்சை! அங்கேயே திட்டத்தை மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முன்னேறவும் இல்லை. தொட்டியில் வளர்த்த திராட்சைக் கொடியில் மறுபடி சோதித்தார்கள். உருண்டை ஒன்றுகூட உருவாகவில்லை. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தக் குளவி இருக்கும் பகுதிகளில் திராட்சைத் தோட்டங்கள் ஏராளம், அங்கும் எந்தக் கொடியிலும் கண்டதில்லை. முட்டை வைப்பது வேறு, அந்த மொட்டைக் கூடாகும்படி பணிய வைப்பது வேறு. மொட்டின் வேதியியல் புழுவோடு ஒத்துப்போனால்தான் கூடு எழும், இல்லையென்றால் புழு செத்துப்போகும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் பரிசீலனையும் முடிந்து 2015 இறுதியில்தான் குளவி வெளியே விடப்பட்டது. அப்போது இன்னொரு தடை: டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கோடை, போர்ச்சுகலில் குளிர். தவறான பருவத்தில் வந்து இறங்கிய குளவிக்கு உகந்த மொட்டுகள் சிலவே கிடைத்தன. அந்தச் சிலவற்றிலேயே பிடித்துக்கொண்டு, ஓரிரு தலைமுறைகளில் வடபாதியின் பருவத்துக்குத் தன் காலக்கணக்கை மாற்றிக்கொண்டது. உருண்டை பிடித்த கிளைகளில் காயும் விதையும் வெகுவாகக் குறைந்திருப்பதை அடுத்த சில ஆண்டுகளில் அளந்து காட்டினார்கள்.

எல்லாக் கதைகளும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. சப்பாத்திக் கள்ளியை ஆஸ்திரேலியாவில் அழித்துப் பேர் வாங்கிய காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியை 1957இல் கரீபியன் தீவு ஒன்றில் விட்டார்கள். 1989இல் அது ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி களையல்ல, மண்ணின் மைந்தன். அந்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு நாட்டில் களையாக இருப்பது பக்கத்து நாட்டில் காப்பாற்ற வேண்டிய செடியாக இருக்கலாம் என்று எண்ணாமல் செய்த காரியம் அது. இன்றைய சோதனை முறைகள் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு இதுபோன்ற பிழைகளே காரணம்.

கள்ளியைச் சொன்னால் தமிழ்நாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை இங்கே வளர்க்கும் ஆசையில் சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது சாயத்துக்கு உதவாத வேறொரு பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் அது தொட்ட கள்ளி வகை ஒன்று அழிந்தது. இதைக் கவனித்தவர்கள் 1836–38இல் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து களையாகப் பரவியிருந்த கள்ளிமேல் விட்டார்கள். களையை அடக்கப் பூச்சியைத் தெரிந்தே பயன்படுத்திய உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று நம் மண்ணில் நடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து வந்த இன்னொரு வகைப் பூச்சி, எஞ்சியிருந்த முள் கள்ளிப் புதர்களைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தது.

அந்த மண்ணில் இன்று சீமைக் கருவேலம் நிற்கிறது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. பொக்லைன் இறங்கியது, கண்மாய்கள் சுத்தமாயின, பல இடங்களில் மறுபடி முளைத்தது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்திலும் இதன் நெருங்கிய உறவுகள் பரவியிருக்கின்றன. அங்கும் மரத்துக்கு ஆதரவாளர்கள் உண்டு, காய் ஆட்டுக்கு நல்ல தீனி. எனவே 1987இல் விதை தின்னும் வண்டை மட்டும் விட்டார்கள். வண்டு தன் வேலையைச் செய்யத் தயார். ஆனால் காய் கீழே விழுந்ததும் வண்டு முட்டையிடும் முன்பே ஆடு தின்றுவிடுகிறது. புழுக்கையில் விதை நலமாக வெளியே வந்து முளைக்கிறது. ஆடு புகாமல் வேலியிட்ட இடங்களில் வண்டு பெரும்பாலான விதைகளை அழித்திருந்தது. வேலியில்லாத இடங்களில் ஆடு ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியிலோ கதை வேறு. 1998இல் விடப்பட்ட இலை பிணைக்கும் சிறு அந்துப்பூச்சி மரத்தின் இலைகளையே கருக்கி, வளர்ச்சியை ஒடுக்கியது. அங்கே மரத்தை நம்பிப் பிழைப்பவர் இல்லை என்பதால் அப்படி விட முடிந்தது.

ராமநாதபுரத்தில் அப்படி முடியாது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களிடம் கேட்காமல் மரத்தைக் கருக்கும் பூச்சியை யாரும் விட்டுவிடக் கூடாது. விதையை மட்டும் தடுக்கும் பூச்சி என்றால் அவர்களோடு பேச இடமுண்டு. ஆனால் நம் ஆடுகள் கரூவின் ஆடுகளைவிடக் குறைந்தவை அல்ல. மேலும் ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. சோதனை எப்போதும் நெருங்கிய உறவிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னேன். சீமைக் கருவேலத்துக்கு இந்தியாவில் அப்படி ஒரு உறவு இருக்கிறது: வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம், ராஜஸ்தானில் பாலைவன மக்களின் உயிர்மரம். நேற்றுவரை இரண்டையும் தாவரவியலாளர்கள் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். எனவே எந்த நாட்டு வண்டோ ஈயோ வந்தாலும், முதல் கிண்ணத்தில் அதற்கு வைக்க வேண்டியது வன்னியின் காயும் மொட்டும் தளிரும். கிண்ணத்தில் முட்டை வைத்தால் தொட்டிச் செடியில் மறுபடி பார்க்க வேண்டும், திராட்சையில் பார்த்ததுபோல. அங்கும் அதன் புழு வளர்ந்தால், அந்தப் பூச்சி கூண்டைவிட்டு வெளியே வரக் கூடாது.